கச்சான் காலத்திலும் இளகாத வீட்டுக் கிறீம்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டில் தயாரிக்கும் கைக் கிறீம், முகக் கிறீம் பற்றி எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் குறை, அது போத்தலுக்குள் தண்ணியாக ஓடுகிறது என்பதுதான். இதற்குக் கிடைக்கும் செய்முறைகளில் பல, குளிர் நாடுகளின் சமையலறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தேங்காய் எண்ணெயும் கொக்கோ வெண்ணெயும் தாமாகவே உறைந்து கிறீமுக்குக் கெட்டித்தன்மை தரும் என்று அவை எடுத்துக்கொள்கின்றன. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில் உருகிவிடும். திருகோணமலையில் மார்கழி, தை மாதத்து விடியற்காலைகளைத் தவிர அது உறைந்து கிடப்பதைக் காண்பதே அரிது. கொக்கோ வெண்ணெயின் உருகுநிலை 34 முதல் 38 பாகை வரைதான். ஆடி மாதத்தில் கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று வீசும் பிற்பகல்களில், தகரக் கூரை போட்ட அறையின் வெப்பம் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. பகலில் இளகி இரவில் மெதுவாக உறையும்போது கொக்கோ வெண்ணெய் மணல் மணலாகத் திரளும்; விரலில் தேய்த்தால் அந்தக் குருணை நன்றாகத் தெரியும்.

சில ஆண்டுகளாக எனக்கும் அம்மாவுக்கும் தங்கைக்குமாகச் செய்து, வெயிலிலும் மாரியிலும் வைத்துப் பயன்படுத்திப் பார்த்த பின் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இந்த ஊர் வெப்பத்தில் கெட்டித்தன்மையை எண்ணெயிலும் வெண்ணெயிலும் தேடக்கூடாது. அது சீற்றைல் அற்ககோல் என்னும் மெழுகுத்தன்மையான பொருளிலிருந்தும், நீர்ப்பகுதியில் கரைத்துத் தடிக்கவைக்கும் மிகச் சிறிதளவு சாந்தன் பிசின் தூளிலிருந்தும் வரவேண்டும்.

பலரும் முதலில் நாடுவது தேன்மெழுகை. அதன் உருகுநிலை 62 பாகைக்கு மேல் என்பதால் அது எந்தக் கச்சானுக்கும் இளகாது என்பது உண்மைதான். ஆனால், தேன்மெழுகு தனியாக எண்ணெயையும் நீரையும் இணைக்காது. பழைய காலத்துக் கோல்ட் கிறீம்களில் அதனோடு வெண்காரம் (போராக்ஸ்) சேர்த்து, மெழுகிலுள்ள அமிலத்தைச் சவர்க்காரமாக்கித்தான் குழம்பை, அதாவது எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்ந்த கலவையை, நிலைநிறுத்தினார்கள். வெண்காரம் இனப்பெருக்கத்துக்குத் தீங்கானது என ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டிருப்பதால் நான் அதைத் தொடுவதில்லை. எண்ணெயையும் நீரையும் இணைக்கும் குழம்பாக்கி மெழுகோடு தேன்மெழுகையும் கூட்டிச் செய்த கிறீமைப் பூசிப் பார்த்த அம்மா, "வேர்க்கிற நேரத்தில இது மெழுகு பூசின மாதிரிக் கிடக்கு பிள்ளை" என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். அது கெட்டியாக இருந்தது, ஆனால் தோலில் இறங்கவில்லை.

சீற்றைல் அற்ககோல் என்ற பெயரைக் கேட்டுத் தோலை உலர்த்தும் மதுசாரம் என்று பயப்படத் தேவையில்லை. அது தென்னை, பனை வகை எண்ணெய்களிலிருந்தும் எடுக்கப்படும், வெள்ளைச் செதில்களாகக் கிடைக்கும் மெழுகுத்தன்மையான கொழுப்பு அற்ககோல். ஏறத்தாழ 49 பாகையில் உருகும். குழம்பாக்கி மெழுகோடு சேர்ந்து அடுக்கடுக்கான ஒரு கட்டமைப்பை உருவாக்கி, அந்த அடுக்குகளுக்கிடையே நீரைப் பிடித்துவைப்பதே அதன் வேலை. அதனால்தான் மொத்த எடையில் நூற்றுக்கு 2 பங்கு சேர்த்தாலே தண்ணியான லோஷன் கிறீமாகிறது. 3 பங்கில் கரண்டி நிற்கிறது. 5 பங்கைத் தாண்டினால் பூசும்போது இழுக்கிறது. ஸ்ரியரிக் அமிலம் என்ற கொழுப்பமிலமும் கெட்டியாக்கும், ஆனால் தேய்க்கத் தேய்க்க வெள்ளையாய்ப் படர்ந்து மறைய நேரமெடுக்கும். பாதவெடிப்புக்கான கிறீமில் மட்டும் அதை வைத்திருக்கிறேன்.

நான் இப்போது மாற்றாமல் செய்யும் அளவு, 100 கிராம் கிறீமுக்கு: வடித்த நீர் 70.3 கிராம், கிளிசரின் 4, சாந்தன் பிசின் 0.2, நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் 15, குழம்பாக்கி மெழுகு 6, சீற்றைல் அற்ககோல் 3, கிருமியும் பூஞ்சணமும் வளராமல் தடுக்கும், பினொக்ஸிஎதனோல் அடங்கிய நற்காப்புப் பொருள் 1, வைட்டமின் ஈ 0.5. கரண்டிக் கணக்கு இதற்கு உதவாது. ஒரு கிராமின் பத்திலொரு பங்கையும் காட்டும் இலத்திரனியல் தராசு கட்டாயம் வேண்டும். கரையோரக் கிணற்றுச் சவர்த்தண்ணீரை நான் பயன்படுத்துவதில்லை, ஏனென்றால் அதிலுள்ள உப்புகள் குழம்பைக் குலைக்கக்கூடும். சாந்தன் பிசினை நீரில் நேரே தூவினால் கட்டி கட்டியாக நின்றுவிடும். முதலில் கிளிசரினில் குழைத்துவிட்டு நீரை ஊற்றினால் சீராகக் கலக்கும். பிசின் 0.5 பங்கை எட்டினால் வழுவழுப்பு அதிகமாகி அருவருப்பாக இருக்கும்.

எண்ணெயும் குழம்பாக்கி மெழுகும் சீற்றைல் அற்ககோலும் சேர்ந்த எண்ணெய்ப் பகுதியையும், நீரும் கிளிசரினும் பிசினும் சேர்ந்த நீர்ப்பகுதியையும் தனித்தனிப் பாத்திரங்களில் 70 முதல் 75 பாகை வரை சூடாக்கி, அந்த வெப்பத்திலேயே இருபது நிமிடம் வைத்திருந்து, பிறகே ஒன்றாக்க வேண்டும். இதற்குள் ஆவியாகிப் போகும் நீரை எடைபார்த்து ஈடுசெய்யாவிட்டால் ஒருமுறை கெட்டியாகவும் மறுமுறை இளக்கமாகவும் வரும். ஒரே செய்முறையில் விளைவு மாறுவதாகச் சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பிளெண்டரை இடைவிட்டு இடைவிட்டுச் சில விநாடிகள் மட்டும் இயக்கி, மற்ற நேரம் கரண்டியால் கிளறுவது நல்லது, ஏனெனில் உள்ளே புகும் காற்று கிறீமை உப்பவைத்துக் கெட்டியானதுபோல் காட்டி, சில நாட்களில் அடங்கிவிடும். 45 பாகைக்குக் கீழே வரும்போது கரண்டி போன வழி மேற்பரப்பில் அழியாமல் நிற்கத் தொடங்கும். நற்காப்புப் பொருளையும் வைட்டமின் ஈயையும் சேர்ப்பது அப்போதுதான்.

அந்த நேரத்தில் கிறீம் இன்னும் இளக்கமாகவே தோன்றும். கொழுப்பு அற்ககோலின் அடுக்குகள் முழுமையாக அமைய ஒன்றிரண்டு நாட்கள் எடுப்பதால், அன்றே இன்னும் மெழுகு சேர்ப்பது வேண்டாத வேலை. மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் மூதூர்ச் சட்டித் தயிர்போல வெட்டுத் தெரியும்படி இறுகியிருக்கும்.

கடையில் பார்க்கும் ஜெல் வகைகளைப் போலக் கார்போமர் என்ற செயற்கைத் தடிப்பாக்கியால் கெட்டியாக்கலாமா என்று தங்கை கேட்டாள். அது குறைந்த அளவிலேயே நன்றாகத் தடிக்கும், ஆனால் உப்புக்கு இளகிவிடும். கற்றாழைச் சாறு சேர்த்தால் அதிலுள்ள உப்பும், தோலின் வியர்வை உப்புமே அதற்குப் போதும். வேர்த்து வழியும் எங்கள் ஊருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பறித்த கற்றாழையை நேரே கலப்பது கிருமியையும் கூடவே கொண்டுவரும். வைட்டமின் ஈயும் நற்காப்புப் பொருளுக்கு ஈடாகாது; அது எண்ணெய் சிக்கடிப்பதைத் தாமதப்படுத்துமே தவிரப் பூஞ்சணத்தைத் தடுக்காது.

இவ்வளவு கெட்டியான கிறீமைப் பம்ப் போத்தல் இழுக்காது. அகன்ற வாய்ச் சாடியில் ஈரவிரல் படுவதால், பிழிந்தெடுக்கும் குழாயில் அடைத்துத்தான் கொடுக்கிறேன்.