பொரிக்கு வீடு தேடிய கதை: ரீல்ஸா, முகாமா, தெரிந்தவர் வழியா?

பொரிக்கு வயது பத்து மாதம். மழை நாளில் வேளச்சேரியில் ஒரு கடை ஷட்டருக்குக் கீழே நடுங்கிக்கொண்டு கிடந்த நாட்டு நாய்க்குட்டி. இப்போது ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு ஹாலைச் சுற்றும். யாரும் துரத்தவில்லை என்றால் நம் காலடியில் கொண்டுவந்து போட்டுவிட்டுக் குரைக்கும். வீட்டிலிருக்கும் கிழட்டு நாய்க்கு இந்தக் கூத்து தாங்கவில்லை. சரி, தத்து கொடுத்துவிடலாம் என்று இறங்கினோம்.

முதலில் இன்ஸ்டாகிராம். செருப்பு ஓட்டத்தை முப்பது நொடி ரீலாகப் போட்டதும் விசாரிப்புகள் குவிந்தன. வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் "ஆண் நாய் இல்லையா?" என்பதுதான் பாதிப் பேரின் முதல் கேள்வி. பொரி பெண்தான், ஆனால் கருத்தடை ஆபரேஷன் முடிந்துவிட்டது, குட்டி போடும் பயமில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அப்புறம் பேச்சில்லை. இன்னொருவர் தோப்புக் காவலுக்குக் கேட்டார். பகல் முழுக்கச் சங்கிலியில் கிடக்கவா இந்த வாலாட்டி? வாடகை வீட்டுக்காரர்களிடம் ஓனர் சம்மதித்தாரா என்று கேட்டதும் பலர் காணாமல் போனார்கள். அடுக்குமாடிச் சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. வீட்டு ஓனர் மனசு வேறு விஷயம்.

தத்து முகாம் இதைவிட ஒழுங்கு. படிவம், அடையாள அட்டை, நேருக்கு நேர் பேச்சு எல்லாம் உண்டு. ஆனால் அங்கே ராஜ்யம் இரண்டு மாதக் குட்டிகளுடையது. கூட்டத்தைப் பார்த்த உற்சாகத்தில் பொரி ஒரு பாட்டியின் புடவை மேல் பாய்ந்தது, அவ்வளவுதான். குட்டியோடு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டியை முகாமுக்குத் தூக்கிப் போகாதீர்கள். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் சில நாளில் குட்டியையே முடித்துவிடும்.

காப்பகம்? 1959இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற இடங்களுக்கு அடிபட்ட, நோயுற்ற பிராணிகளே தலைக்கு மேல் வேலை. ஓடியாடும் நாயைக் கொண்டுபோய் விட்டால் ஓர் அடிபட்ட நாயின் இடத்தைப் பிடித்துக்கொண்டதாகும். எங்கள் பட்டியலில் அது இல்லை.

கடைசியில் வேலைக்கு ஆனது மெதுவான வழிதான். ஊசி போடும் கிளினிக்கில் சொல்லி வைத்தோம். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மடிப்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. முன்பு நாய் வளர்த்துப் பறிகொடுத்தவர்கள். மூன்று நாள் மாலையில் வந்து பொரியோடு நடந்தார்கள். பொரி கையைக் கடித்து விளையாடியதும் எட்டாவது படிக்கும் அவர்கள் பெண் கத்தவில்லை, கையை இழுத்துக்கொண்டு பந்தை நீட்டினாள். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெம்பு வந்தது. ரீலில் இதையெல்லாம் பார்க்க முடியுமா? இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள், சரிவரவில்லை என்றால் எந்த நேரமும் நாங்களே வந்து கூட்டிப்போகிறோம் என்று அனுப்பினோம்.

நாலாவது நாள் போன். சோபா குஷன் பஞ்சு பஞ்சாகிவிட்டதாம். எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. "காலையில் எவ்வளவு தூரம் நடக்கவிட்டால் இது அடங்கும்?" என்று கேட்டார் அந்த அம்மா. ஒரு மணி நேரம் என்றேன். தடுப்பூசி அட்டையைக் கொடுத்தாகிவிட்டது, இனி மாநகராட்சி உரிமம் அவர்கள் பேரில். ஒற்றைச் செருப்பு மட்டும் இன்னும் எங்கள் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.