சிஸ்டர் ஆஸ்பத்திரி: ஐந்துக்கு நான்கு, ஒன்றைக் குறைத்தது கழிவறைக்காக

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஊசி போட்டுக்கொண்டால்தான் வைத்தியம் பார்த்த மாதிரி இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. சளி, உடம்பு வலி, அசதி என்று போய் நின்றால் இதை நடத்துகிற சிஸ்டர் ஊசியைத் தொட மாட்டார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவர்மேல் இருக்கிற வருத்தமே அதுதான். "முப்பது ரூபா சீட்ட வாங்கிக்கிட்டு நாலு மாத்திரையக் குடுத்துத் தொரத்துது அந்தம்மா" என்று என் அத்தை இன்றைக்கும் புலம்புவார். புலம்பிவிட்டு அடுத்த காய்ச்சலுக்கும் அங்கேதான் போவார், அது வேறு விஷயம்.

திருவாரூர் - நாகப்பட்டினம் சாலையில் கீழ்வேளூர் தாண்டி, வெட்டாற்றுப் பக்கம் உள்ளே போக வேண்டும். சின்ன ஓட்டுக் கட்டடம். 2018 கஜா புயலில் பின்பக்கத்து ஓடு முழுக்கப் பறந்துபோனதால் அங்கே மட்டும் நீலத் தகரம் போட்டிருக்கிறார்கள், மழை பெய்தால் உள்ளே பேசுவது காதில் விழாது. காலை ஏழு மணிக்கு டோக்கன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் ஓய்வுபெற்ற அரசு டாக்டர் ஒருவர் வருகிறார். மற்ற நாட்களில் சிஸ்டரும் உதவிக்கு ஒரு பெண்ணும்தான். எக்ஸ்ரே, ஸ்கேன் எதுவும் கிடையாது. சர்க்கரை, பிபி, ரத்தசோகை பார்ப்பார்கள், புண்ணுக்குக் கட்டுப் போடுவார்கள், கர்ப்பிணிகளைப் பார்ப்பார்கள். வியாழக்கிழமை யானைக்கால்காரர்களுக்கு ஒதுக்கியது. பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர், சோப்பு, துண்டு. காலைக் கழுவி விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, வீட்டிலும் தினமும் இப்படியே செய்யணும் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். மருந்தைவிட இந்தக் கழுவுதலால்தான் அடிக்கடி வருகிற காய்ச்சலும் நெறிகட்டுதலும் குறைகிறது என்று அங்கே வருகிற ஒரு பெரியவரே எனக்கு விளக்கினார்.

சிஸ்டர் ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரர். நர்ஸிங் முடித்த கையோடு சபை அனுப்பிவைக்க, தான்சானியாவில் உள்நாட்டுக் கிராமம் ஒன்றில் பதினான்கு வருடம் கிளினிக் நடத்திவிட்டு, நாலு வருடத்துக்கு முன்பு திரும்பி வந்திருக்கிறார். மிஷனரி என்றால் நமக்கு மனசில் வருவது தொப்பி போட்ட வெள்ளைக்காரர்தான், 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு மாதிரி. நம்மூர்ப் பெண் ஒருத்தி அதே வேலைக்குக் கப்பல் ஏறாமல் விமானம் ஏறிப் போனாள் என்பதே எனக்குப் புதுசாக இருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்ததே அம்மாவுக்கு வாந்திபேதி வந்து, டாக்டர் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை ட்ரிப்ஸ் ஏற்றச் சொன்னதால்தான். இரண்டரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கூட்டம் குறைந்ததும் சிஸ்டர் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார், நானும் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். முதல் மூன்று மாதம் சுவாஹிலி வாயில் நுழையவில்லையாம். நோயாளி எதிரே உட்கார்ந்ததும் முதலில் "போலே" என்று சொல்ல வேண்டும், நம்மூரில் "ஐயோ பாவம்"னு சொல்வதற்கும் "மன்னிச்சுக்கங்க"னு சொல்வதற்கும் நடுவில் ஒரு வார்த்தை அது. அதைச் சொல்லாமல் நேராக "என்ன செய்யுது" என்று கேட்டால் மரியாதை தெரியாதவள் என்று நினைப்பார்கள். பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகமோ", அவர்கள் பதிலுக்கு "மரஹபா". மருந்துக்கு "தவா", அது மட்டும் முதல் நாளே புரிந்துவிட்டது, நமக்கு இந்தி சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறதே.

சாப்பாடு ஊகாலி. மக்காச்சோள மாவைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டிக் கிண்டுவது, நம்ம களிதான், வெள்ளையாக இருக்கும். "மூணு வேளையும் சோறு தின்ன தஞ்சாவூர்க்காரிக்கு எப்படி இருக்கும் தம்பி, நீங்களே சொல்லுங்க" என்றார். போன இரண்டாவது மாதமே மலேரியா. மற்றவர்களுக்கு விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அட்டையில் விட்டு இரண்டாவது கோடு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர், தனக்கே அட்டை வைத்துப் பார்த்து, கோடு வந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம், மத்தியானம்வரை தாக்குப்பிடித்தாராம். எனக்கு உடனே தரங்கம்பாடி ஞாபகம் வந்தது, 1730-இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து அங்கே அனுப்பிய மருத்துவர் ஷ்லேகல்மில்ஷ் வந்த வருடமே இறந்துபோனார். அதைச் சொன்னதும் "அவருக்கு மாத்திரை கெடைக்கல, எனக்குக் கெடைச்சுது, அவ்வளவுதான்" என்றார்.

ஊழியம் என்றால் நாள் முழுக்க ஜெபமும் சேவையுமாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். பாதி நாள் மாத்திரை எண்ணுவதிலேயே போகுமாம். தடுப்பூசி வைக்கிற மண்ணெண்ணெய் பிரிட்ஜில் காலையும் சாயங்காலமும் இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும், திரி புகைந்தால் நடு ராத்திரியில் எழுந்து துடைக்க வேண்டும், பணம் அனுப்பியவர்களுக்குக் கணக்கோடு கடிதம் எழுத வேண்டும், கிராமத்துத் தலைவர் வீட்டுச் சாவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். அவருடைய அப்பா இறந்த செய்தி அங்கே போய்ச் சேர்ந்தபோது இங்கே அடக்கமே முடிந்திருந்தது. இதைச் சொல்லிவிட்டு ட்ரிப்ஸை ஒரு சுண்டு சுண்டி, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

மதம் மாற்றுவார்களா என்று கேட்பீர்கள், எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். சுவரில் வேளாங்கண்ணி மாதா படம் இருக்கிறது, ஏழு மணிக்குக் கதவு திறக்கும்முன் உள்ளே ஜெபம் செய்கிற சத்தம் கேட்கும். என் அம்மா நெற்றி நிறையத் திருநீற்றோடுதான் போவார், நாகூர்ப் பக்கத்திலிருந்து பர்தா போட்ட பெண்கள் வருவார்கள், இதுவரை யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன். தான்சானியாவில் அவர் இருந்த ஊரிலும் பாதிப் பேர் முஸ்லிம்கள்தானாம். "வயித்துவலியோட வந்தவங்ககிட்ட வயித்துவலியப் பத்திதான் பேசணும்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

இப்போது நான் நாலு நட்சத்திரம் போட்ட காரணத்துக்கு வருகிறேன். போன தை மாதம், சம்பா அறுவடை முடிந்து சித்தப்பா வைக்கோலை அள்ளிக்கொண்டிருந்தபோது கணுக்காலில் கண்ணாடி விரியன் கடித்தது. ஒருத்தர் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார், ஒருத்தர் மிளகைக் கொடுத்து உறைக்கிறதா கேளு என்றார், இன்னொருத்தர் மந்திரிக்கிற ஆளுக்கே போன் போட்டுவிட்டார். நான் சிஸ்டருக்குப் போட்டேன். "கட்டாதீங்க, கீறாதீங்க, நடக்க விடாதீங்க, தூக்கிட்டு வாங்க, 108க்கு நான் சொல்லிடறேன்." அவ்வளவுதான் பேசினார். டாட்டா ஏஸில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். போனதும் முதல் வேலையாகக் காலில் கிடந்த வெள்ளிக் காப்பைக் கழற்றினார். தப்பைக் கட்டை வைத்துக் காலை அசையாமல் கட்டி, வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் மணியை எழுதினார். அப்புறம் கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, யாரும் தொடாதீங்க என்றார். சரியாக இருபது நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்தார். உறையவே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. விரியன் விஷம் ஏறியிருந்தால் அப்படித்தான் இருக்குமாம்.

அதற்குள் வாசலில் 108 வந்து நின்றது. விஷமுறிவு மருந்து இங்கே வைத்திருப்பதில்லை, அதை ஏற்றும்போது ஒவ்வாமை வந்தாலோ சிறுநீரகம் நின்றுபோனாலோ பார்க்கிற வசதி வேண்டும் என்று ஒரே வரியில் சொன்னார். கடித்த நேரம், ரத்தம் உறையாத நேரம், வீக்கத்தின் அளவு எல்லாம் எழுதிய சீட்டைச் சித்தப்பாவின் சட்டைப்பையில் குத்திவிட்டார். திருவாரூர் மருத்துவக் கல்லூரியில் அந்தச் சீட்டை வாங்கிப் படித்த டாக்டர் எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே கொண்டுபோனார். ஆறாம் நாள் சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், கால் இன்னும் லேசாகக் கறுப்புதான்.

இதற்கு இரண்டு வருடம் முன்பு பெரியப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை மூன்று நாள் படுக்கவைத்து, வாயு என்றது, அப்புறம் வேறு ஏதோ என்றது, நான்காம் நாள் காலை பில்லைக் கட்டவைத்துவிட்டு "தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிடுங்க" என்றது. அங்கே போய்ச் சேரும்போது இதயத்தில் பாதி வேலை செய்யவில்லை. முடியாது என்பதை முதல் மணி நேரத்தில் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் என்று எங்கள் வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது.

சித்தப்பா விஷயம் முடிந்து வாழைத்தார் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது இதைச் சொன்னேன். தான்சானியாவில் அவர் இருந்த கிராமத்திலிருந்து ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரி தொண்ணூறு கிலோமீட்டராம். மார்ச்சில் மழை பிடித்தால் வண்டி அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிடும். பிரசவம் இழுக்கிறது என்று காலை பத்து மணிக்கே புரிந்துகொண்டு அனுப்பினால் இருட்டுவதற்குள் போகலாம், மத்தியானம்வரை பார்க்கலாம் என்று நினைத்தால் மறுநாள்தான். "ஒரு தடவ நான் மத்தியானம்வரைக்கும் பாத்தேன் தம்பி" என்றார். மேலே எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாழைத்தாரை வாசலிலேயே வைத்து வந்தவர்களுக்கெல்லாம் சீப்புச் சீப்பாகக் கொடுத்துவிட்டார், எங்கள் வீட்டுத் தாரில் எங்களுக்கே இரண்டு பழம் கொடுத்தார்.

குறை இல்லாமல் இல்லை. கழிவறை ஒன்றே ஒன்று, கட்டடத்துக்குப் பின்னால், தாழ்ப்பாள் வேலை செய்யாது, கர்ப்பிணிகள் வருகிற இடத்தில் இது சரியில்லை, சொன்னால் "பணம் வரட்டும்" என்கிறார்கள். பெஞ்சு போதாது, எட்டு மணிக்கு மேல் போனால் திண்ணையில் வெயிலில்தான் உட்கார வேண்டும். உள்ளே சிக்னல் வராததால் ஜிபே எடுக்காது, சில்லறை கொண்டுபோங்கள். வாயும் கொஞ்சம் அதிகம் சிஸ்டருக்கு, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடித்த என் மாமாவைப் பத்துப் பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார், அவர் இப்போது வேறு இடம் பார்க்கிறார்.

ஞாயிறு விடுமுறை, அவசரம் என்றால் பக்கவாட்டு மணியை அடிக்கலாம். பழைய சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் முதல் திட்டு அதற்குத்தான்.