இரண்டு காட்டேரிகள், இரண்டு சோபாக்கள்

ரத்தக்காட்டேரிப் படத்தைக் குறைந்த செலவில், அதுவும் சிரிக்கச் சிரிக்க எடுக்க வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. காட்டேரியைச் சராசரி வீட்டில் குடிவைத்துவிடலாம். இல்லையென்றால் காட்டேரியே இல்லாமல் ஒப்பேற்றலாம்.

'வாட் வி டூ இன் த ஷேடோஸ்' (2014) முதல் வழி. டைக்கா வைடீட்டியும் ஜெமைன் கிளெமென்ட்டும் எழுதி, இயக்கி, நடித்த நியூசிலாந்துப் படம்; செலவு சுமார் 16 லட்சம் டாலர். ஆவணப்படக் குழு பின்தொடர்வதாகக் கதை அமைந்திருப்பதால், கேமரா ஆடினாலும் குறையாகத் தெரியாது. கெட்டிக்காரத்தனம்! வெலிங்டன் வீட்டில் சேர்ந்து வாழும் காட்டேரிகளுக்குள் பெரிய பஞ்சாயத்து எது தெரியுமா? ஒருவன் ஐந்து வருடமாகப் பாத்திரம் கழுவவில்லை. வியாகோ என்பவன் பரம சுத்தக்காரன். வீட்டுக்கு வந்த பெண்ணைக் கடிப்பதற்கு முன், பேச்சுக் கொடுத்தபடியே தரையில் செய்தித்தாள் விரித்து, சோபாவில் துண்டு போடுகிறான். பிறகு பல் போய் இறங்குவது பெரிய ரத்தக்குழாயில். பீய்ச்சியடிக்கும் ரத்தத்தில் அத்தனை முன்னேற்பாடும் பாழ்.

சுமார் 20 லட்சம் டாலரில் எடுத்த 'வேம்பையர்ஸ் கிஸ்' (1988) இரண்டாம் வழி. நியூயார்க்கில் பதிப்புத் துறை ஏஜென்டாக இருக்கும் ஒருவன், தான் காட்டேரியாகிவிட்டதாக நம்பத் தொடங்குகிறான். நல்ல பல்செட்டுக்குக் காசு போதாமல், மலிவான பிளாஸ்டிக் பல்லை வாங்கி மாட்டிக்கொண்டு அலைகிறான். சவப்பெட்டிக்கு எங்கே போவது? சோபாவைக் கவிழ்த்துப்போட்டு அடியில் படுத்துக்கொள்கிறான். அவனாக நடித்த நிக்கோலஸ் கேஜ் இதில் உண்மையான கரப்பான்பூச்சியையே தின்றார். கிராஃபிக்ஸுக்கான செலவை ஒரு நடிகரே ஏற்றுக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம். வசூலில் படம் படுத்துவிட்டது.

சிரிப்புக்கு முதல் படம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பயம் அதில் ஊறுகாய் அளவுதான். இரண்டாவது படத்தில், ஒரு பழைய ஒப்பந்தத்தைத் தேடச் சொல்லி அவன் தன் செயலாளர் ஆல்வாவைப் படுத்தும் பாடு வேடிக்கையாகத்தான் ஆரம்பிக்கிறது. போகப்போகச் சிரிப்பு தொண்டையில் அடைத்துக்கொள்கிறது. நடுவில் தொய்வும் உண்டு. சிலருக்குப் பொறுமை போய்விடும்.

கண்ணாடிக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிம்பம் விழாததால் வெலிங்டன்காரர்கள் உடுத்தியது எப்படி இருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். நியூயார்க்காரன் கண்ணாடி முன் நின்று, பிம்பம் இல்லையென்று அலறுகிறான். நமக்கோ அவன் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது.