ட்ரக்கில் பூட்டிய ஈஎல்டி: ஒன்றரை வருடப் பாவனைக்குப் பிறகு

ஈஎல்டி என்பது ட்ரைவர் எத்தனை மணி நேரம் ஓடினார், ஓய்வெடுத்தார் என்று தானாகப் பதியும் மின்னணுப் பெட்டி. இதை வாங்கி ஒன்றரை வருடமாகிறது. சொந்த ட்ரக், பிராம்ப்டனில் இருந்து ஒஹாயோ, ஜோர்ஜியா பக்கம் வாராவாரம் ஓட்டம். கொம்பனியின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி எல்லாப் பெட்டியிலும் உண்டு.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. டாஷ்போர்டுக்குக் கீழே ஒன்பது பின் போர்ட் ஒன்று இருக்கும், அதில் இதைச் செருகினால் எஞ்சினில் இருந்து தகவலை எடுத்து புளூடூத் வழியாக டேப்லெட்டுக்கு அனுப்பும். வண்டி மணிக்கு 8 கிலோமீட்டரைத் தொட்டதும் 'டிரைவிங்' என்று தானாகவே மாறிவிடும், அப்படிப் பதிவான ஓட்ட நேரத்தைப் பிறகு நீங்களும் சுருக்க முடியாது, கொம்பனியும் சுருக்க முடியாது. அமெரிக்காவில் 2017 டிசம்பர் 18 முதல் கட்டாயம். கனடாவில் 2021 ஜூனில் சட்டம் வந்தாலும் 2023 ஜனவரிக்குப் பிறகுதான் தண்டம் போடத் தொடங்கினார்கள்.

எனக்கு ட்ரக் ஓடப் பழக்கிய அண்ணை பேப்பர் காலத்து ஆள். ஓடிய நேரத்தைக் கையால் எழுதும் லாக் புக்கை அவர்கள் 'கொமிக் புக்' என்றுதான் சொல்வார்களாம், அவ்வளவு கதை எழுதலாம் அதில். "அந்தக் காலத்தில் டிஸ்பாச் (லோட் ஒதுக்கும் ஆள்) போன் எடுத்து 'எப்படியாவது விடிய முதல் கொண்டுபோய்ச் சேர் தம்பி' என்பான், மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் இருக்காது, பேப்பரில் சரிக்கட்டலாம்தானே" என்பார். இப்போது "ஹவர்ஸ் இல்லை", அதாவது சட்டம் விடும் ஓட்ட நேரம் முடிந்தது என்று ஸ்கிரீனைப் படம் பிடித்து அனுப்பினால் கதை முடிந்தது. இந்த ஒன்றுக்காகவே பெட்டிக்குக் கும்பிடு போடலாம் என்று அவரே சொல்கிறார், எனக்கும் அதே எண்ணம்தான்.

சரி, என் பெட்டி எப்படி? பூட்டுவது சுலபம், பதினைந்து நிமிடம் ஆகவில்லை. மிச்சிகனில் ஒரு ஸ்கேலில், அதாவது ட்ரக் எடை சோதிக்கும் இடத்தில், உள்ளே கூப்பிட்டு லாக் கேட்டபோது அதிகாரி சொன்ன குறியீட்டை அடித்து அனுப்பினேன், ஒரு நிமிடத்தில் அவருடைய கணினிக்குப் போய்விட்டது, டேப்லெட்டைக் கையில் வாங்கவே இல்லை. ஸ்லீப்பரில், அதாவது வண்டிக்குள் இருக்கும் கட்டிலில் ஓய்வு என்று, போட்டதும் சத்தத்தை முழுதாக அடக்க ஒரு பட்டன் உண்டு. சின்ன விஷயம்தான், ஆனால் முன்பு ஒரு கொம்பனிக்கு ஓடியபோது அவர்கள் தந்த பெட்டியில் அந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், இரவு இரண்டு மணிக்கு டிஸ்பாச் மெசேஜ் 'டிங்' என்று அடிக்க எழும்பி, பிறகு விடியும்வரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

குறை என்றால் புளூடூத். பூட்டி மூன்றாம் மாதமே கென்டக்கியில் இணைப்பு விட்டு விட்டு வந்து, கடைசியில் 'மல்ஃபங்ஷன்' என்று சிவப்பு விளக்கு. சப்போர்ட்டுக்கு எடுத்தால் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்தார்கள், வந்தவர் கேபிளைக் கழற்றிப் பூட்டச் சொன்னார், அதை நான் ஏற்கனவே நாலு தடவை செய்திருந்தேன். அன்று பையில் வெற்று லாக் தாள் இருந்ததால் தப்பினேன். அமெரிக்காவில் எட்டு நாளுக்கும் கனடாவில் பதினைந்து நாளுக்கும் போதுமான தாள் வண்டியில் இருக்கவேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்னொரு எரிச்சல், வின்ட்ஸரில் பாலம் தாண்டினால் கனடாக் கணக்கில் இருந்து அமெரிக்கக் கணக்குக்குத் தானாக மாறவேண்டும், இரண்டு தடவை மாறவில்லை. கனடாவில் 13 மணி நேரம் ஓடலாம், அங்கே 11 மட்டும். பார்க்காமல் விட்டால் மாட்டுவது நாங்கள்தான்.

இதெல்லாம் எந்தச் சாமானிலும் வரும் கரைச்சல். உண்மையில் தலையிடி தருவது பெட்டி இல்லை, அதற்குள் ஓடும் கடிகாரம். போன குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காலை 5:30க்கு டியூட்டி தொடங்கி, பாலத்தில் முக்கால் மணி நேரம் நின்று, டொலீடோவுக்குப் பக்கத்தில் ஒரு வெயார்ஹவுஸுக்கு 11:40க்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பாயின்ட்மென்ட் 12 மணி. வெளியே விட்டது 4:50க்கு. நினைத்துப் பாருங்கள், ஸ்கிரீனில் ஓடுவதற்கு இன்னும் ஐந்தே முக்கால் மணி நேரம் மிச்சம் இருக்கிறது, ஆனால் டியூட்டி தொடங்கியதில் இருந்து எண்ணும், ஓட்டத்தை முடித்துவிடவேண்டிய 14 மணி நேரத்தில் மிச்சம் 2 மணி 40 நிமிடம். நின்றாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும், சாப்பிட்டாலும் ஓடும், எவனோ ஃபோர்க்லிஃப்டைத் தேடிக்கொண்டிருந்தாலும் ஓடும்.

அந்தக் கடிகாரத்தை நிறுத்த வழி இருக்கிறதே என்று அனுபவசாலிகள் கேட்பீர்கள். உண்டு. 2020 செப்டம்பரில் மாற்றிய விதிப்படி, தொடர்ந்து இரண்டு மணி நேரமாவது ஓய்வில் போட்டு, பிறகு ஸ்லீப்பரில் ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் எடுத்து, இரண்டும் சேர்ந்து பத்து வந்தால், அந்த ஓய்வு 14இல் சேராது. என் பெட்டி இந்தக் கணக்கை அழகாகக் காட்டும், கணக்கு விஷயத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று 1:30க்குக் கதவில் தட்டி வேறு டோருக்குப் பின்னுக்கு எடு என்றார்கள், 3:20க்குக் கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்டார்கள். இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் கிடைக்கவே இல்லை.

பிறகு நடந்தது வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். டேட்டன் வரைக்கும் போய்விடலாம் என்று ஐ-75இல் 70 மைல் போர்டுக்கு 76இல் பிடித்தேன், ஓரக்கண் முழுக்க டேப்லெட்டில். ஒரு மணி நேரம் மிச்சம் என்று அது மஞ்சளாக மாறியதும் நெஞ்சு படபடக்கிறது, முன்னால் போகும் கார்க்காரன் மேல் காரணமில்லாமல் கோபம் வருகிறது. 7 மணிக்குப் பிறகு ட்ரக் ஸ்டொப் இரண்டிலும் இடம் இல்லை. கடைசியில் ஒரு எக்ஸிட் ரேம்பின் ஓரத்தில் விட்டுவிட்டுப் படுத்தேன், ஒவ்வொரு ட்ரெய்லர் தாண்டும்போதும் கட்டில் ஆடியது.

இது என் ஒருவனுடைய கதை மட்டும் இல்லை. ஈஎல்டி கட்டாயமான பிறகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தார்கள்: நேரவிதி மீறல் நன்றாகக் குறைந்தது, விபத்து குறையவில்லை, சின்னக் கொம்பனிகளில் வேகமாக ஓடுவது போன்ற தவறுகள் கூடிவிட்டன. 2018இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் இன்னொன்று சொன்னது: லோடுக்காக நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால் எதிர்பார்க்கும் விபத்து வீதம் 6.2 சதவீதம் கூடுகிறது. மைலுக்குத்தான் சம்பளம், நின்றால் அனேகமாக ஒன்றும் இல்லை, அப்படியிருக்க யார் மெதுவாக ஓடுவான்?

இன்னொரு வேடிக்கை, ஈஎல்டியைக் கட்டாயமாக்கிய அதே 2012 சட்டத்தில்தான் 'ஜேசன்ஸ் லா'வும் இருக்கிறது. நேரத்துக்கு முன் போய், நிறுத்த இடமில்லாமல் கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திய ட்ரைவர் ஒருவர் 2009இல் கொல்லப்பட்டதால் வந்த பார்க்கிங் சட்டம். பெட்டி வந்துவிட்டது, பார்க்கிங்தான் இன்னும் வந்தபாடில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: எல்லை தாண்டுபவர் என்றால் ட்ரான்ஸ்போர்ட் கனடாவின் பட்டியலில் மாடல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கனடாவில் வெளி ஆள் சோதித்துச் சான்று கொடுக்கவேண்டும், அமெரிக்காவில் தயாரித்தவரே சரி என்று பதிந்துவிடலாம், அதனால்தான் அமெரிக்காவில் திடீரென்று பட்டியலில் இருந்து நீக்குவதும் நடக்கிறது. மூன்று வருட ஒப்பந்தம் போடாதீர்கள், மாதக் கணக்கில் எடுங்கள், நான் 35 டொலர் கட்டுகிறேன். உதிரிக் கேபிள் ஒன்று கூடவே வாங்கி வையுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்த வெயார்ஹவுஸுக்கு நட்சத்திரம் போட இடமிருந்தால் சொல்லுங்கள், வருகிற செவ்வாய் திரும்பவும் அங்கேதான் லோட்.