நிக்கான் ஆக்குலான் 10×50 பைனாகுலர்: வானம் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு

வானம் பார்க்கப் பெரிய தொலைநோக்கிதான் வேண்டும் என்று காத்திருப்பவர்கள் முதலில் ஒரு 10×50 பைனாகுலர் வாங்குங்கள். என்னிடம் இருப்பது நிக்கான் ஆக்குலான் ஏ211. பத்து மடங்கு பெரிதாக்கும். முன்பக்க லென்ஸின் அகலம் 50 மில்லிமீட்டர். ஒரே பார்வையில் ஆறரை பாகை வானம் அகப்படுகிறது, அதாவது பதின்மூன்று முழுநிலவுகளை வரிசையாக அடுக்கும் அகலம்.

கார்த்திகை மீன்கூட்டம் இதற்குள் கச்சிதமாக அடங்கிவிடும். தை அமாவாசையன்று கொல்லிமலையில் உறவினர் வீட்டுக் களத்தில் பாய் விரித்து, மல்லாந்து படுத்துப் பார்த்தேன். முருகனை வளர்த்த பெண்கள் அறுவர் என்று கதை கேட்டு வளர்ந்தவன் நான். அந்த ஆறு மீன்களுக்கு இடையிலும் சுற்றிலும் எண்ணி மாளாத சிறு விண்மீன்கள், நீலம் கலந்த வெண்மையில்! வடமேற்கில் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் நீள்வட்டப் புகைப்படலமாகத் தெரிந்தது. அந்த ஒளி புறப்பட்டு 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நம் மனித இனமே அப்போது தோன்றியிருக்கவில்லை. கையை எடுக்கவே மனம் வரவில்லை.

நகரத்தில் என் வீட்டு மாடிக்கு வந்தால் இதே கருவியில் ஆண்ட்ரோமெடா, தேடிப் பிடித்தாலும், மங்கிய ஒரு திட்டுதான். வெறுங்கண்ணுக்குக் கார்த்திகையில் நான்கு மீன் தெரிந்தால் அன்று நல்ல வானம். பூச நட்சத்திரக் கூட்டம் இருக்கும் இடமே வெறிச்சென்று கிடக்கிறது. தெருவில் மஞ்சள் சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போட்டதிலிருந்து இன்னும் மோசம். அதில் நீல ஒளி அதிகம். காற்றில் அதிகமாகச் சிதறுவதும் அதுதான். மேல்மூடி சரியில்லாத விளக்குகள் தெருவோடு வானத்துக்கும் வெளிச்சம் அடிக்கின்றன. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் ஆர்வலர்கள் கண்ணால் பார்த்துப் பதிந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்தவர்கள், இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடுகிறது என்றார்கள். எட்டே ஆண்டுகளில் இரு மடங்கு! ஆறு மீன் கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு எதைக் காட்டிச் சொல்வது என்று எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. விளக்குக்கு ஒரு மூடியும் இளமஞ்சள் பல்பும் போட்டால் பெருமளவு சரியாகிவிடும் சங்கதி இது.

கருவிக்கு வருகிறேன். எடை ஏறத்தாழ 900 கிராம்; கொஞ்ச நேரத்தில் கை நடுங்கும். முக்காலியில் பொருத்தும் இணைப்பைத் தனியாக வாங்கிக்கொண்டால், வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் ஆடாமல் நிற்கும். நீர் புகாத வகை இல்லை என்பதால் மார்கழிப் பனியில் துணி போர்த்தி வையுங்கள். விலை மலிவான, ‘ஜூம்’ என்று எழுதிய பைனாகுலர்கள் பக்கம் போகவே வேண்டாம். வாங்கியதும் அமாவாசையை ஒட்டி ஊருக்கு வெளியே போய், கைபேசியை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் கொடுத்துப் பாருங்கள்.