எஸ்எஸ்ஐ: ஒரு மளிகைக் கடைத் தளமும் இருபது வருடமும்

சிராங்கூன் சாலையில் உள்ள ஒரு மளிகைக் கடைக்கு 2001-இல் இணையத்தளம் செய்து கொடுத்தேன். நாற்பது பக்கம், எல்லாம் கையால் எழுதியவை. ஒவ்வொன்றின் அடியிலும் முகவரி, கடை மூடும் நேரம், தொலைபேசி எண்.

2002 மார்ச் 1 அன்று சிங்கப்பூரின் ஏழு இலக்கத் தொலைபேசி எண்களுக்கு முன்னால் ஒரு 6 சேர்ந்தது. “தம்பி, ஒரு ஆறுதானே, அஞ்சு நிமிஷ வேலை” என்றார் கடைக்கார அண்ணன். நாற்பது பக்கத்திலும் போட்டு முடிக்க நள்ளிரவாகிவிட்டது. அதிலும் இரண்டு பக்கம் விட்டுப்போயிருந்தது. அந்த வாரமே எஸ்எஸ்ஐக்கு (சர்வர் சைட் இன்க்ளூட்ஸ்: பொதுவான பகுதியை ஒரே கோப்பில் வைத்து, அதை எல்லாப் பக்கத்திலும் சர்வரே செருகும் வசதி) மாறினேன்.

விஷயம் எளிதுதான். பக்கத்துக்குள் எச்டிஎம்எல் கமென்ட் (பிரவுசர் காட்டாத குறிப்பு) வடிவில் ஒரே ஒரு வரி: ஹேஷ் குறி, ‘இன்க்ளூட் விர்ச்சுவல்’, அடிப்பகுதிக் கோப்பின் பாதை. பக்கத்தை அனுப்புவதற்கு முன்பே சர்வர் அந்த வரியை எடுத்துவிட்டு அங்கே கோப்பைச் செருகிவிடும். டேட்டாபேஸ் வேண்டாம், பிஎச்பியும் வேண்டாம். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் இன்க்ளூட்ஸ் ஆப்ஷனைத் திறந்துவிட்டு, எந்தக் கோப்புகளை அலச வேண்டும் என்று சொன்னால் போதும். ‘விர்ச்சுவல்’ இருக்கும் இடத்தில் ‘ஃபைல்’ என்றும் போடலாம், ஆனால் அதை வைத்து மேல் ஃபோல்டருக்குப் போக முடியாது. நான் தொடுவதே இல்லை.

முதல் வாரம் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டது ஓர் இடைவெளியால். கமென்ட் தொடங்கும் குறிக்கும் ஹேஷுக்கும் நடுவே ஸ்பேஸ் விழுந்தால் சர்வருக்கு அது சாதாரண கமென்ட். பிழைச் செய்தியும் வராது, அடிப்பகுதியும் வராது, பக்கம் மொட்டையாக நிற்கும். பாதை தப்பினாலாவது பக்கத்திலேயே ஆங்கிலத்தில் ‘பிழை’ என்று ஒரு வரி விழும். ஆனால் என்ன பிழை என்று அறிய லாக் கோப்பைத்தான் தோண்ட வேண்டும்.

பெரிய கூத்து யூனிகோடுக்கு மாறியபோது. பக்கங்களை டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்திலிருந்து மாற்றியவன் அடிப்பகுதிக் கோப்பை மறந்துவிட்டேன். மேலே அழகான தமிழ், கீழே பூச்சி பூச்சியாக எழுத்துகள். எஸ்எஸ்ஐ பைட்டுகளை ஒட்டுமே தவிர எழுத்துக் குறியாக்கத்தைப் பார்க்காது. ஒரே கோப்பு என்பதால் நாற்பது பக்கத்திலும் ஒரே நேரத்தில் அசிங்கம். திருத்தியதும் ஒரே நேரத்தில்தான், அதையும் சொல்ல வேண்டும். அப்புறம் நோட்பேட் கோப்பின் தலையில் சத்தமில்லாமல் யூனிகோடு அடையாளமாக மூன்று பைட் வைத்து, பக்கத்தில் ஒரு வெற்று வரியை உண்டாக்கியது தனிக்கதை.

இன்றைய தேதி காட்டும் வசதியையும் போட்டுப் பார்த்தேன். சர்வர் இருந்தது அமெரிக்காவில். காலையில் இங்கே கடை திறக்கும்போது தளத்தில் நேற்றைய தேதி! எடுத்துவிட்டேன்.

இன்னும் தீராத குறை ஒன்று. இப்படிப்பட்ட பக்கங்களுக்கு அப்பாச்சி, கடைசியாக மாறிய நேரத்தைத் தானாக அனுப்புவதில்லை. அதனால் பிரவுசர் ஒவ்வொரு தடவையும் முழுப் பக்கத்தையும் கேட்கும். எக்ஸ்பிட்ஹேக் என்ற அப்பாச்சி அமைப்பை ‘ஃபுல்’ என்று வைத்து, கோப்புக்குக் குழு இயக்க அனுமதியும் கொடுத்தால் அனுப்பும், ஆனால் அது முதன்மைக் கோப்பு மாறிய நேரம். அடிப்பகுதியை மாற்றினாலும் வாடிக்கையாளருக்குப் பழைய அடிப்பகுதியே தெரியக்கூடும். போடாமல் விட்டேன். சிறிய தளம்தானே.

பிறகு என்ஜின்எக்ஸ் என்ற வேறு சர்வர் மென்பொருளுக்கு மாறியபோது ‘எஸ்எஸ்ஐ ஆன்’ என்று ஒரு வரி சேர்த்தேன், பழைய பக்கங்கள் அப்படியே ஓடின. போன தீபாவளிக்குக் கடை நேரம் மாறியது. லிட்டில் இந்தியாவில் எம்ஆர்டி ரயில் ஏறியபோது அண்ணன் கூப்பிட்டார். இரண்டாவது நிலையமான பூன் கெங் வருவதற்குள் மாற்றிவிட்டேன்.