பொம்மை ரயில் இன்ஜினுக்கு 18,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 18,500 ரூபாய். யாரிடம் சொன்னாலும் "ஒரு பொம்மைக்கா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆமாம், பொம்மைக்குத்தான். இன்று காலை கடைசிப் பதிலும் வந்துவிட்டது, அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறவன் நான். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஓய்வு, எங்களுக்கு அப்போதுதான் ராத்திரி பகல் என்று பார்க்காத வேலை. அந்தக் கூலியில் ஒதுக்கி வைத்த காசு இது. அத்தா ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர், பாம்பன் பாலத்தில் மீட்டர் கேஜ் (ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள பாதை) ரயில் ஓடியபோது அந்தத் தண்டவாளத்தில் நடந்தே காலம் போக்கியவர். 2007-ல் அகலப்பாதை வந்தது, 2022 டிசம்பரோடு பழைய பாலத்தில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதுப் பாலத்தையும் திறந்துவிட்டார்கள். அவருக்கு மட்டும் ரயில் என்றால் இன்னும் அந்த மீட்டர் கேஜ் டீசல் இன்ஜின் ஒய்டிஎம்-4தான். அதன் மாடலை ஒரு தடவை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் தேடின இடத்திலெல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கவில்லை, சொல்லிச் செய்யத்தான் வேண்டியிருந்தது.

பொழுதுபோக்குச் சாமான்கள் விற்கிற ஒரு ஆன்லைன் தளம், அதில் கடை வைத்திருக்கும் ஒருவர். பெயர் வேண்டாம். மாடல் ரயிலுக்கு நாம் கேட்கிற நிறத்தில் பெயின்ட் அடித்து, கேட்கிற வசதிகளைப் பொருத்தித் தருவாராம். முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தார். நான் விழுந்தது அந்த ஒரு போனில்தான். "அண்ணே, ஷார்ட் ஹூட் முன்னால் வர்ற மாதிரி வேணுமா, லாங் ஹூட்டா?" என்று கேட்டார். அந்த இன்ஜினுக்கு ஒரே கேபின், அதுவும் ஒரு ஓரமாக இருக்கும். டீசல் இன்ஜின் இருக்கிற நீளப் பக்கத்தை, அதாவது லாங் ஹூட்டை, முன்னால் விட்டு ஓட்டினால் டிரைவர் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். இதைத் தெரிந்த ஆள் என்னைக் கேட்கிறார்! அப்புறம் எந்த ஷெட் (இன்ஜினைப் பராமரிக்கிற இடம்), ஹெட்லைட் எப்படி, கைப்பிடிக் கம்பிக்கு என்ன நிறம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பொன்மலை ஷெட்டின் ஜிஓசி எழுத்தைக் கேபினுக்குக் கீழே சின்னதாக எழுதணும் என்றேன். "அது இல்லாமலா அண்ணே" என்றார். பழைய போட்டோ ஒன்று வீட்டில் இருந்தது, கருஞ்சிவப்பு உடம்பு, நடுவில் மஞ்சள் பட்டை. அதைப் படம் பிடித்து அனுப்பினேன். பதிலுக்கு ஒரு வீடியோ வந்தது, ஆல்கோ என்கிற அமெரிக்கக் கம்பெனி இன்ஜினின் அந்தத் திணறல் சத்தத்தோடு ஒரு மாடல் மெதுவாக ஊர்ந்து போகிறது. அத்தாவுக்குத் தெரியாமல் நாலு தடவை போட்டுப் பார்த்தேன்.

8,500 தளம் வழியாகக் கட்டினேன். மீதி 10,000-ஐ நேராக அனுப்பச் சொன்னார், தளத்துக் கமிஷன் மிச்சமாகுமாம், அந்தக் காசில் சத்தம் வருகிற சிப் போட்டுத் தருவாராம். அனுப்பினேன். ஊரில் ஒரு இன்ஜெக்டர் வாங்கினால்கூட நாலு கடை விசாரிக்கிறவன் நான்.

ஏழு வாரம் கழித்துப் பார்சல் வந்தது. பிரித்ததும் நீலமும் கிரீமுமாக என்னவோ பல்லிளித்தது. அத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கினார், திருப்பினார், விரலால் சக்கரத்தை எண்ணினார். "ஒரு போகிக்கு மூணு ஜோடி இருக்கணுமே தம்பி, இதுல ரெண்டுதானே இருக்கு?" போகி என்று அவர் சொன்னது பெட்டியை அல்ல, இன்ஜினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்குகிற சட்டத்தை, ஒரு இன்ஜினுக்கு ரெண்டு. பன்னிரண்டு சக்கரம் இருக்க வேண்டிய வண்டியில் எட்டு. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதே கடையில் வாங்கின நாலு துண்டு தண்டவாளத்தில் வைத்தேன், உட்காரவே இல்லை. பட்டறையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து வந்து அளந்தேன். தண்டவாளம் 12 மில்லி, அது சரி, 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கில், மீட்டர் கேஜுக்கு அதுதான் கணக்கு. சக்கரம் 16.5 மில்லிக்கு. அது வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் கேஜின் அளவு. கேபின் ஓரத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டினேன். நீலத்துக்கு அடியில் வேறு பெயின்ட், அதன் மேல் புடைத்துக்கொண்டு வேறு ஏதோ ஊர் ரயில் கம்பெனியின் எழுத்து. பழைய அமெரிக்க மாடல் ஒன்றை வாங்கி மேலே ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். ஜிஓசி என்பது ஸ்டிக்கர், அதுவும் கோணல். மூடியைக் கழற்றினால் சிப் சொருக வேண்டிய எட்டு ஓட்டைச் சாக்கெட் சும்மா கிடக்கிறது. சிப்பும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. 18,500 ரூபாய்!

போன் செய்தேன். முதல் பதில்: "அண்ணே, ஸ்க்ரீன்ல கலர் வேற மாதிரி தெரியும்." கருஞ்சிவப்பு எந்த ஸ்க்ரீனில் நீலமாகத் தெரியும்? ரெண்டு நாள் கழித்து "ப்ரோ, டிசிசி ரெடின்னுதானே சொன்னோம், சிப் இருக்குன்னு சொல்லலியே." (டிசிசி என்பது சிப் வைத்து மாடல் ரயிலை டிஜிட்டலாக இயக்குகிற முறை.) அப்புறம் "சார், கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது." நேற்று நீல டிக் மட்டும். அண்ணன் ப்ரோவாகி, சாராகி, ஒன்றுமில்லாமல் போனதற்கு ஒன்பது நாள். தளத்துக்காரர்களின் பதில்தான் இன்று காலை வந்தது. 'அன்பான வாடிக்கையாளரே, வெளியே செலுத்திய தொகைக்கு நாங்கள் பொறுப்பல்ல, பொருள் டெலிவரி ஆகிவிட்டது, விற்பனையாளரிடமே பேசிக்கொள்ளுங்கள்.' அந்த 8,500-க்கும் இதே பதில்தான்.

அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் தெரிகிறது, வட்டமாகக் குழிந்து, ஐரோப்பாவில் இருக்கிற மாதிரி. யாரோ ஒருவர் தன் வீட்டில் எடுத்ததை எடுத்து எனக்குக் காட்டியிருக்கிறார். அன்றைக்கு என் கண்ணில் அந்த இன்ஜின் மட்டும்தான் பட்டது.

இப்படிச் சொல்லிச் செய்ய வைக்கிறவர்களுக்கு விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது நினைவில் நிற்பது இவ்வளவுதான். டிசிசி ரெடி என்றால் சிப் சொருகுகிற இடம் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம், உள்ளே சிப் இருக்கிறதா என்று தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பெயின்ட் அடிக்கும் முன் வெறும் உடம்பை, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, உங்கள் பெயர் எழுதின காகிதத்தோடு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், சக்கரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். நிறத்தை ஒரு பிளாஸ்டிக் துண்டில் அடித்துக் காட்டச் சொல்லி, வெயிலில் வைத்துப் பார்த்த பிறகு சரி என்று சொல்லுங்கள். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாயும் வேண்டாம். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே வீடியோ, அதே குழிந்த பிளக், விலை மட்டும் 19,500 ஆகியிருக்கிறது. யாராவது இன்றைக்கு அட்வான்ஸ் அனுப்பியிருந்தால் உடனே பேங்குக்கும் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் போன் போடுங்கள்.